வடக்குப் பக்கத்து வானம்

சின்ன காஞ்சிபுரத்தில் பல் டாக்டராக இருந்துகொண்டு விமானம் ஓட்டக் கற்றவன் நான். பல் பிடுங்குகிறவனுக்கு இறக்கை எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். உள்ளுக்குள் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சென்னையில் ஒரு கிளப்பிலிருந்து இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தை எடுத்துக்கொண்டு, வாலாஜாபாத் வழியாகப் பாலாற்றை ஒட்டியே எங்கள் ஊர்வரை வருவேன். ஊருக்குத் தெற்கே தாராளமாகப் பறக்கலாம். வடக்கே கொஞ்ச தூரத்தில் ராணுவத்தின் வானம் தொடங்கிவிடும். அனுமதியில்லாமல் அதில் நுழையக்கூடாது. ஊருக்கும் அந்த எல்லைக்கும் நடுவில் குறுகலான ஓர் இடைவெளி உண்டு. மற்ற பைலட்டுகள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள். நான் போவேன். காரணத்தை கிளப்பில் சொன்னால் சிரிப்பார்கள்: பெருமாள் கோயிலை வலப்பக்கம் வைத்து ஒரு முழுச்சுற்று வராமல் திரும்ப எனக்கு மனம் வராது.

கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்று வாங்கி, ராணுவ எல்லையை அதில் கோடாகப் போட்டு வைத்திருந்தேன். தாமல் ஏரியில் வடக்கே திரும்பி, திரையில் அம்புக்குறி முசரவாக்கத்தைத் தொட்டதும் கிழக்கே திரும்பினால் போதும். பலமுறை செய்திருக்கிறேன். ஒருமுறையும் பிசகியதில்லை.

ஒரு மார்கழிக் காலையில் முதன்முறையாக மனைவியை அழைத்துப் போனேன். இரண்டு குழந்தைகளையும் அவள் அக்கா வீட்டில் விட்டிருந்தோம். கிளப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அந்த வாரம் ராணுவம் செயற்கைக்கோள் சிக்னலைத் தடுத்துப் பரிசோதனை செய்கிறது, ஜிபிஎஸ்ஸை நம்பவேண்டாம் என்று. படித்தேன். படித்ததற்குக் கையெழுத்தும் போட்டேன். இன்றைக்குத் தெற்கோடு திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

தாமல் ஏரிமேல் வரும்போது கீழே பனி மூடியிருந்தது. ஏரியின் ஒரு ஓரம் மட்டும் தெரிந்தது. வந்த வழியே திரும்பிவிட நினைத்தேன்.

"ஏன்னா, பெருமாளை வலம் வந்துண்டு பாதியிலே திரும்பினா அப்பிரதட்சிணமாயிடாதோ?" என்றாள்.

அவள்மேல் பழி போடமாட்டேன். அவள் கேட்காவிட்டாலும் நான் போயிருப்பேன். திரையைப் பார்த்தேன். அம்புக்குறி ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்தது. பரிசோதனை இன்று இல்லைபோலும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வடக்கே திருப்பினேன்.

முசரவாக்கம் வரவில்லை. எதிர்க்காற்று என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். அம்புக்குறி திரும்பிய இடத்திலேயே நின்றுபோயிருந்தது எனக்கு உறைக்க எத்தனை நிமிடமானது என்று இன்றுவரை தெரியாது. கீழே எட்டிப் பார்த்தால் பால்போல வெள்ளை. ரேடியோவில் ஒரு குரல் என் விமானத்தின் எண்ணைச் சொல்லி, உடனே தெற்கே திரும்பு என்றது. அதையே மறுபடி சொன்னது. இரண்டாம் முறை அந்தக் குரலில் நிதானம் இல்லை.

திருப்பத் தொடங்கியபோது பனிக்குள்ளிருந்து அது வந்தது. சாம்பல் நிற ராணுவ விமானம், எங்களைப்போல் பத்து விமானத்தை விழுங்கக்கூடியது. எங்களுக்குச் சற்றுக் கீழே, குறுக்கே போனது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஆள் நிமிர்ந்து என்னைப் பார்ப்பது தெரிந்தது. அடுத்த நொடி அது கிளப்பிய காற்று எங்கள் விமானத்தைத் தூக்கிப்போட்டது.

"மத்தவா இவ்வளவு கிட்டக்க வருவாளா?" என்று மனைவி சாதாரணமாகக் கேட்டாள்.

"வருவா" என்றேன்.

விசாரணையில் என்னிடம் அதிகம் கேட்கவில்லை. அறிவிப்பில் இருந்த என் கையெழுத்தைக் காட்டினார்கள். ஏன் வடக்கே போனாய் என்றபோது வலம் வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வழி தவறிவிட்டது என்றேன். உரிமத்தை நிறுத்திவைத்துக் கடிதம் அனுப்பினார்கள். அது வந்த நேரம் நான் கிளினிக்கில் இருந்தேன். மனைவி பிரித்துப் படித்துவிட்டாள். இரண்டு விமானங்களுக்கும் நடுவே இருந்த தூரத்தை அதில் அடிக்கணக்கில் எழுதியிருந்தார்கள்.

கத்துவாள் என்று பயந்தபடி வீட்டுக்குப் போனேன். அவள் கத்தவில்லை. கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். "ரெண்டு பேரும் போயிருந்தா குழந்தேளுக்கு யாருன்னு யோசிச்சேளா?" என்றாள். யோசிக்கவில்லை என்பதுதான் உண்மை. அதைச் சொன்னேன்.

அந்த வாரமே சென்னையில் ஒரு கல்யாணம். பஸ் ஸ்டாண்டில் பெரியவனைத் தன்னோடு ஏற்றிக்கொண்டு, சின்னவளின் கையை என்னிடம் பிடித்துக்கொடுத்தாள். உள்ளே இடம் காலியாகத்தான் இருந்தது. "நீங்க அடுத்த பஸ்லே வாங்கோ" என்றாள். பிள்ளைகள் தலையெடுக்கும்வரை நாங்கள் இருவரும் ஒரே வண்டியில் ஏறியதில்லை.