என் வாயால் கூப்பிட்ட பெயர்

எனக்குத் தொண்டை பெரிது. கைக்குழந்தையாக இருந்தபோது நான் அழுதால் தோட்டத்து லயத்தின் கடைசி வீடு வரை கேட்கும் என்று அம்மா சொல்வார். இந்தத் தொண்டையால் எனக்குக் கிடைத்த ஒரே பதவி கெத்துவா. தண்டவாளப் பராமரிப்பு கற்றுக்கொள்ள வந்தவர்கள் என்னையும் சேர்த்து இருபத்திரண்டு பேர், அவர்களுக்கு நான் தலைவன். வேலை பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட வேண்டும், அவரவர் "ஹாடிர்", அதாவது இருக்கிறேன், என்று குரல் கொடுக்க வேண்டும். தண்டவாளத்தில் இறங்கும்போது ஒரு முறை, வேலை முடிந்து ஏறிய பிறகு ஒரு முறை. ஒரு குரல் குறைந்தாலும் அந்தப் பாதையில் ரயிலை விட மாட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, ஒளிப்பானேன்.

அம்மா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அங்கயும் பெரட்டுதானா?" என்றார்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இருட்டு பிரியும் முன்பே தோட்டத்து ஆட்கள் வந்து நிற்க, கணக்கு எழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார். அதுதான் பெரட்டு. பெயர் கூப்பிட்டால் அன்றைக்கு வேலை உண்டு. கூப்பிடாவிட்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அந்தத் தோட்டத்தை விற்று, மரங்களைச் சாய்த்து, பாதியில் செம்பனையும் பாதியில் வீடுகளும் வந்துவிட்டன. அந்த வீடுகளில் ஒன்றில்தான், பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில், நாங்கள் இருக்கிறோம். எல்லாம் மாறினாலும் பெயர் கூப்பிட்டால் வேலை உண்டு என்ற எண்ணம் மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. அது பொய்யாகவும் இருக்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

முப்பத்து நான்கு வயதில் பயிற்சிக்குச் சேர்வதற்குத் தைரியம் வேண்டும், அல்லது கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும். அதற்கு முன் எட்டு வருடம் கையுறைத் தொழிற்சாலையில் இருந்தேன். நிரந்தர வேலை. அந்தச் சூடும் ரசாயன நாற்றமும் போதும் என்று, ரயில் பாதை குத்தகை எடுத்திருந்த ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். ஒரு வருடம் பயிற்சி, பிறகு நிரந்தரம் என்றார்கள். என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் ஒரு நிபந்தனையோடு வந்தாள்.

அவள் ஈப்போவில் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் இருந்தாள். ஏழு வருடமாக நோயாளிகளிடமும் டாக்டரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். பாலர் பள்ளி ஆசிரியராக வேண்டும் என்பது அவள் ஆசை. நான் நிரந்தரமானதும் அவள் கிளினிக்கை விட்டுவிட்டுப் படிக்கப் போவாள். அதுவரை அவள் சம்பளத்தில் வீடு நிற்கும். இதுதான் எங்கள் ஒப்பந்தம். கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. ராஜினாமாக் கடுதாசியைத் தட்டச்சு செய்து, கையெழுத்தும் போட்டு, இரண்டு மாதமாகக் கைப்பையிலேயே வைத்திருந்தாள்.

"உங்க பேரு கூப்பிட்ட அன்னிக்கே குடுத்துருவேன். ஒரு நாள் கூட தாங்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள்.

பதினோராவது மாதம் கம்பெனியில் புகைய ஆரம்பித்தது. வேலை குறைகிறதாம், எல்லாரையும் எடுக்க மாட்டார்களாம், பட்டியல் தயாராகிறதாம். ஆளுக்கு ஒரு கதை. என்னோடு ஒரே காரில் வருபவன் தஞ்சோங் ரம்புத்தான்காரன், என்னைவிட ஆறு வயது இளையவன். அந்த ஊர் என்றாலே பேராக்கில் எல்லாருக்கும் மனநல ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். "ஒன்னய எந்த வார்டுலேந்துடா வெளிய விட்டாங்க?" என்று தினமும் கிண்டல் செய்வேன், அவனும் சளைக்காமல் திருப்பிக் கொடுப்பான். அந்த இரண்டு வாரமும் காரில் கிண்டலே இல்லை. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும் இறங்கவில்லை, நான் வெளியே சொல்லவில்லை.

அன்று காலை பெயர் கூப்பிட்டு முடித்த நேரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மலாய்ப் பெண் வந்தாள். மனிதவளப் பிரிவாம். சிறு பெண்தான், கையில் ஒரு தாள். "பேர் கூப்பிடப்பட்டவர்கள் வகுப்பறைக்குப் போங்கள், மற்றவர்கள் இங்கேயே இருங்கள்" என்று மலாயில் சொன்னாள். முதல் பெயரே எங்களில் ஒருவனுடைய நீண்ட தமிழ்ப் பெயர். அதை அவள் மூன்று துண்டாக உடைத்தாள், மூன்றும் தப்பு. வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவள் முகம் சிவந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"கெத்துவா, தோலோங் பங்கில் லா" என்று தாளை என்னிடம் நீட்டினாள். நீயே கூப்பிடேன் என்றாள்.

தாளில் தலைப்பு எதுவும் இல்லை. பெயர்கள் மட்டும், பதினான்கு. பட்டியல் இதுதான், எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள் இவர்கள்தான் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. பெயர் கூப்பிட்டால் வேலை. வேறு எப்படி இருக்க முடியும்?

கூப்பிட்டேன். என் ஆயுளில் அப்படி நெஞ்சைத் திறந்து நான் எதையும் கூப்பிட்டதில்லை. ஒவ்வொரு "ஹாடிர்" உம் முந்தியதைவிடப் பலமாக வந்தது. ஐந்தாவது ஆள் குதித்தே விட்டான். ஒன்பதாவது பெயர் என்னுடையது. கண் ஒரு கணம் மங்கியது. பிறகு என் பெயரை நானே, அப்பா பெயரோடு சேர்த்து, கோயில் திருவிழாவில் மைக் பிடித்தவன் மாதிரி இழுத்துக் கூப்பிட்டு, "ஹாடிர்" என்று நானே பதிலும் கொடுத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் பெண் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினான்கும் முடிந்தது. தஞ்சோங் ரம்புத்தான்காரன் பெயர் இல்லை. அவன் வரிசையில் அப்படியே நின்றான், உதடு வெளுத்திருந்தது. நான் போய் அவன் தோளில் கை போட்டேன்.

"கவலப்படாத மச்சான். வேற எடத்துல பாத்துக்கலாம். நா இருக்கேன்லா."

அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "சந்தோசம்ணே. ஒங்களுக்காவது கெடச்சுச்சே" என்றான். அழுதுகொண்டேதான் சொன்னான். அவன் அழுதபோது என் மனதுக்குள் ஒரு மூலையில் சந்தோஷம் துள்ளிக்கொண்டிருந்தது. அதை இன்று நினைத்தாலும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

வகுப்பறைக்கு நடந்துகொண்டே மனைவிக்குப் போன் செய்தேன்.

"பேரு கூப்பிட்டாங்க" என்றேன்.

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி. கல்யாணத்தில் கூட அழாதவள் அவள்.

"நெசமாவா?"

"பட்டியல என் கையாலயே வாங்கிப் படிச்சேன்."

"சரிங்க. வைங்க, டாக்டர் வாராரு" என்று வைத்துவிட்டாள்.

வகுப்பறையில் ஏர்கான் குளிர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு வெள்ளை உறை, ஒரு சின்னப் பெட்டியில் உருளைக்கிழங்கு அடைத்த இரண்டு கரிபாப், ஒரு தண்ணீர் போத்தல். விருந்து வைக்கிறார்கள் என்று நினைத்தோம். ஒருத்தன் கரிபாப்பைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டான். நான் காலையில் பசியாறாமல் வந்திருந்தேன், முதல் கரிபாப்பைக் கடித்தபடியே உறையைப் பிரித்தேன்.

வேலை குறைந்துவிட்டதால் பயிற்சி இன்றோடு முடிகிறது என்று எழுதியிருந்தது. இத்தனை நாள் உழைப்புக்கு நன்றி. இன்று மாலைக்குள் கம்பெனிப் பொருள்களை ஒப்படைக்கவும்.

மறுபடி படித்தேன். மலாய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் அந்த நாலு வரி விளங்கவில்லை. வேறு யாருடைய உறையோ மாறி வந்துவிட்டது என்று நினைத்து மேலே பார்த்தேன். என் பெயர்தான், அப்பா பெயரோடு. வாயில் இருந்த உருளைக்கிழங்கை முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.   முன்னால் நின்ற அந்தப் பெண்ணின் சப்பாத்தில் ஒட்டியிருந்த செம்மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத் துடைக்க வேண்டும் என்று ஏன் இவளுக்குத் தோன்றவில்லை என்று யோசித்தது ஞாபகம் இருக்கிறது.

பிறகுதான் கோபம் வந்தது. எழுந்து கத்தினேன், பெரிய தொண்டை அல்லவா. இதை ஏன் என் வாயால் படிக்க வைத்தாய் என்று கேட்டேன். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, எனக்கு உங்கள் பெயர்களைச் சொல்ல வரவில்லை, அதனால்தான், வேறு ஒன்றும் நினைக்கவில்லை என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. அவளுக்கும் வேலை புதிது போலிருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

மனைவிக்கு மூன்று முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை. டாக்டர் வந்துவிட்டால் போனை மேசை இழுப்பறையில் வைத்துவிட வேண்டும் என்பது அந்த கிளினிக்கின் சட்டம்.

பொருள்களை ஒப்படைக்க ஸ்டோர் முன்னால் நிறுத்தினார்கள். ஹெல்மெட், பச்சைச் சட்டை, பாஸ், சப்பாத்து. ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட வேண்டுமாம். அதே தாள் திரும்பவும் என்னை நோக்கி வந்தது. கிழித்துப் போட்டிருப்பேன், பின்னால் நின்றவன் தடுத்துவிட்டான்.

"நீங்களே கூப்புடுங்கண்ணே" என்றான். "கடைசியாவாச்சும் எங்க பேரு ஒழுங்கா கேக்கட்டும்."

கூப்பிட்டேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இந்தத் தவளையை இரண்டு முறை கத்தவிட்டார்கள். ஒருவன் ஹாடிர் என்று முணுமுணுத்தான், ஒருவன் வீம்புக்குக் கத்தினான். எட்டுப் பேர் முடிந்தார்கள். ஒன்பதாவது பெயரில் நாக்கு எழவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் காத்திருந்தார்கள். அப்போது கதவுப் பக்கமிருந்து என் பெயர் கேட்டது, அப்பா பெயரோடு, முழுசாக, ஒரு எழுத்துப் பிசகாமல். தஞ்சோங் ரம்புத்தான்காரன். எடுத்துக்கொள்ளப்பட்ட எட்டுப் பேரில் ஒருவன்.

"ஹாடிர்" என்றேன்.

சப்பாத்தைக் கழற்றும்போது போன் அதிர்ந்தது. மனைவியிடமிருந்து ஒரே ஒரு சொல்: "குடுத்துட்டேன்." பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

உட்கார இடமில்லாமல் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்தேன். அவளைக் கூப்பிட விரல் வரவில்லை. காலையில் அவ்வளவு பெருமையாகச் சொன்ன வாயால் இதை எப்படிச் சொல்வது?

வீட்டிலிருந்து கம்பெனிச் சப்பாத்தோடு வந்தவன் நான், வேறு செருப்பு இல்லை. காரில் தஞ்சோங் ரம்புத்தான்காரன் தன் ஜப்பான் சிலிப்பரை என் காலடியில் தள்ளினான். நான் காலால் திருப்பித் தள்ளினேன். பாவம், அவன் என்ன செய்வான். ஆனாலும் அன்றைக்கு எனக்கு அவன் சிலிப்பரைப் போட மனம் வரவில்லை.  வீட்டு முன்னால் நிறுத்தி, "நா வந்து அக்காகிட்ட சொல்லவாண்ணே?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். கதவு திறந்திருந்தது, கேசரி வாசனை வந்தது. சிரித்துக்கொண்டே வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். தார் ஒட்டிக் கறுத்துப்போன காலுறை.

"சப்பாத்து எங்க?"

"வாங்கிட்டாங்க."

அவள் கையிலிருந்த கேசரிக் கரண்டியைக் கீழே இறக்கினாள்.

"பேரு கூப்பிட்டாங்கன்னு சொன்னீங்க."

"கூப்பிட்டது நான்தான்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுப்பை அணைத்தாள், கால் கழுவிட்டு வாங்க என்றாள். அம்மா உள்ளே சுவர் ஓரமாக உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பேரு கூப்பிட்டு அனுப்புவாங்களாடா?" என்று மட்டும் கேட்டார். அப்படி ஒன்று அவர் ஆயுளில் நடந்ததில்லை.

மறுநாள் விடிந்ததும், நான் எழுந்திருக்கும் முன்பே மனைவி கிளம்பிவிட்டாள். கிளினிக் கதவு திறக்கும் முன் போய் நின்று, கடுதாசியைத் திருப்பிக் கேட்டிருக்கிறாள். ஏழு வருடத்தில் முதல் முறையாக டாக்டர் அவளிடம் மரியாதையாகப் பேசினாராம். உட்காரச் சொன்னாராம். முன்பே தெரிந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேனே அம்மா என்றாராம். ஆனால் அந்த இடத்துக்கு நேற்று மாலையே வேறொரு பெண்ணைக் கூப்பிட்டுவிட்டாராம்.