டி.ஏ.பி. போடாத சம்பா

பாக்கியலட்சுமிக்கு மெதுவாகப் பேச வராது. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நாங்கள் இருவரும் நுண்ணுயிர் உரம் பொட்டலம் கட்டுகிறோம். பாஸ்போபாக்டீரியா பொட்டலத்தை யாராவது தொப்பென்று போட்டால் போதும், "உசுருள்ள சரக்குடி, பாத்து வையி!" என்று சண்டைக்கு வந்துவிடுவாள்.

அரியாங்குப்பத்துக்குத் தெற்கே அவர்களுக்குக் கொஞ்சம் நிலம். பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்துக்காகப் போடும் டி.ஏ.பி. உர மூட்டை வந்து இறங்காமல் அவள் கணவர் அரிகிருஷ்ணன் நடவைத் தொடங்கவே மாட்டார். மண் பரிசோதனையில் மணிச்சத்து ஏற்கெனவே மிகுதி என்று வந்தும் மனிதர் அசையவில்லை. "அது மண்ணுல பூட்டிக் கெடக்குது, நாங்க பொட்டலம் கட்டுற இந்தக் கிருமிங்க தொறந்து வுடும்" என்று இவளும் விடவில்லை. கடைசியில் இந்தச் சம்பா மட்டும் அவள் பொறுப்பு என்று முடிவானது. பயிர் தூர் கட்டிக் கிளைக்காவிட்டால் அவள் இனி வயல் பேச்சே எடுக்கக் கூடாது.

நட்டு முடிந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. விதைநேர்த்திக்கு ஆறிய கஞ்சியில் கலக்க வேண்டிய பொட்டலத்தை, உதவி செய்கிறேன் பேர்வழி என்று, ஆவி பறக்கும் வடிகஞ்சியில் கரைத்திருக்கிறார் அரிகிருஷ்ணன். அதில் எந்த உயிர் பிழைக்கும்? மறுநாள் வேலைக்கு வந்தவள் அழாத குறைதான். எனக்கோ அந்த மனிதர்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் உரக் கம்பெனி ஆய்வகத்து நிலவன்தான் வயிற்றில் பால் வார்த்தான். "செத்தது போவட்டும்க்கா. தண்ணி நின்னா மண்ணுல காத்து இருக்காது. அப்ப அங்கயே இருக்குற வேற கிருமிங்க இரும்ப எளக்கும். அதுல ஒட்டிக் கெடக்குற மணிச்சத்து வெளிய வரும். தண்ணிய மட்டும் இப்ப வத்த வுடாதீங்க."

"நம்ம மண்ணுலயே இருக்குதா!" என்று அவள் போட்ட சத்தத்தில் மேலாளரே எட்டிப் பார்த்தார்.

அன்று முதல் வேலை விட்டதும் நேராக வயலுக்குத்தான். தண்ணீர் கசிந்துவிடாதபடி வரப்பில் ஒரு நண்டு வளை விடாமல் அடைத்தாள். பயிர் போய்விடுமோ என்று பயந்துபோன அரிகிருஷ்ணன் டி.ஏ.பி. மூட்டையைக் கொண்டுவந்து வரப்பில் இறக்கினார். இவள் அதன்மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தழைச்சத்துக்கு யூரியா உண்டு, இது கிடையாது என்று ஒரே பிடிவாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். எங்களுக்கு முன்னாலேயே அரிகிருஷ்ணன் சேற்றில் நின்றிருந்தார். குத்துக்குத்தாகத் தூர் வெடித்திருந்தது. ஒரு குத்தை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தார், கைக்குள் அடங்கவில்லை. எனக்கே கூச்சல் போடத் தோன்றியது.

"இத்தினி வருசமா நான் போட்டதெல்லாம் இங்கதான் கெடந்துச்சா?" என்றார்.

"இங்கதான்" என்றாள் பாக்கியலட்சுமி.

அவர் தலை நிமிரவில்லை. "அடுத்த போகத்துக்கு என்னா பண்ணணும், சொல்லு."