அத்தையின் உள்ளங்காலில் இருந்த பொட்டு

தர்மகர்த்தா அவர்களே, என் அத்தையைக் கொன்றது நீங்கள்தான். வந்த நோய்க்கு வேறு பெயர் இருக்கிறது, அது எனக்கும் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், நீங்கள்தான்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. புருஷன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தாள். நடவுக்குப் போவாள், கரும்பு வெட்டப் போவாள். அவள் காலில் செருப்பை நான் பார்த்ததே இல்லை. வருஷம் தவறாமல் நம் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் தீ மிதிப்பாள்.

நான் நாலாவது படித்த வருஷம், தீமிதி முடிந்த சில நாளில், அவள் இடது உள்ளங்காலில் ஒரு கருப்புப் புள்ளி தெரிந்தது. மிளகு அளவு இருக்கும். கால் அமுக்கிவிடும்போது நான்தான் பார்த்தேன். எச்சில் தொட்டுத் தேய்த்தேன், போகவில்லை. விஷயம் தெருவுக்குப் பரவி, கடைசியில் நீங்களே வந்து குனிந்து பார்த்தீர்கள்.

"நெருப்பு சுட்டா கொப்பளம் வரும். இது கொப்பளமா? அம்மன் உனுக்குப் பொட்டு வச்சிருக்காம்மா!"

அத்தை முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் கண்டதில்லை. அதுவரை அவளுக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை. அடுத்த வருஷம் ஆண்களுக்கெல்லாம் முன்னால் அவளைத்தான் தீக்குழியில் இறக்கினீர்கள். நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு புளிப்பு மிட்டாய் கொடுத்தால் அத்தை காலைக் காட்டுவேன் என்று பள்ளிக்கூடத்தில் வியாபாரம் நடத்தினேன். நல்ல வரும்படி.

பொட்டு வளர்ந்தது. புளியங்கொட்டை அளவைத் தாண்டியது. மை கொட்டியதுபோல ஓரம் கோணல்மாணலாகப் பரவியது. ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் காப்பிப்பொடி நிறம். அவள் பக்தி வளர்கிறது என்றார்கள். என் அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"அண்ணி, ஒரு தபா திருக்கோவிலூர் போயி டாக்டராண்ட காட்டிக்கினு வந்துடலாமே."

"இன்னாடி பேசற? சாமி வச்சத டாக்டரு அழிச்சிட்டா நீ வச்சுத் தருவியா?"

அதற்கடுத்த வருஷம் பொட்டு வெடித்துப் புண்ணானது. நீர் வடிந்தது, ரத்தம் கசிந்தது. சுத்தமாக விரதம் இருந்தவர்களை நெருப்பு சுடாது என்பது ஊர் நம்பிக்கை. அப்படியென்றால் காலில் புண் வந்தவள் யார்? நீங்கள் எங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே கேட்டீர்கள்.

"தீட்டோட எறங்கிட்டியாம்மா?"

அத்தைக்குத் தீட்டு நின்று பல வருஷம் ஆகியிருந்தது. அதை ஓர் ஆண்பிள்ளையிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். நீங்கள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டீர்கள்.

"வெளிய காட்டிக்கினு திரியாத. ஊருக்குக் கெட்ட பேரு. வேப்பெண்ண தடவி மஞ்சத்துணி கட்டிக்கோ, ஆறிடும்."

ஆறவில்லை. கேட்டவர்களிடம் கரும்புச் சோகை கிழித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு நொண்டி நொண்டி வேலைக்குப் போனாள். தொடை இடுக்கில் நெறி கட்டி, எழுந்து நிற்கவே முடியாமல் போனபோதுதான் அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நானும் கூடப் போனேன். துணியைப் பிரித்த டாக்டரம்மா, எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

"டாக்டர், அது அம்மன் வச்ச பொட்டு!"

அவர் சிரிக்கவில்லை. அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோலில் வருகிற புற்றுநோய் என்றார். நெருப்பால் வந்ததில்லை, தீட்டாலும் வந்ததில்லை. வெள்ளைக்காரனுக்குத்தான் வரும், கருப்புத் தோலுக்கு வராது என்பது பொய். நமக்கு அது உள்ளங்காலில் வரும், உள்ளங்கையில் வரும், நகத்துக்கடியில் வரும். யாரும் திருப்பிப் பார்க்காத இடமாகப் பார்த்து வரும். புதிதாக வந்த கரும்புள்ளி பெரிதானால், ஓரம் ஒழுங்கில்லாமல் போனால், நிறம் ரெண்டு மூன்றாகத் தெரிந்தால், புண் ஆறாமல் நின்றால், உடனே காட்ட வேண்டும். மிளகு அளவில் இருந்தபோதே வெட்டி எடுத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் அப்பாவிடம். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ரொம்பத் தாமதம் என்று திருப்பி அனுப்பினார்கள்.

மறு தீமிதி அன்று அத்தை படுக்கையில் கிடந்தாள். மேளச் சத்தம் வீடுவரை கேட்டது.

"மொதல்ல யாரு எறங்கறாங்கன்னு பாத்துட்டு வா கண்ணு."

ஓடினேன். பார்த்தேன். மூச்சிரைக்கத் திரும்பி வந்து, இறங்கியவள் பெயரையும் அவள் கட்டியிருந்த புதுச் சேலையையும் சந்தோஷமாகச் சொன்னேன். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். கால் வலி என்று நினைத்து, நான் காலைப் பிடித்துவிட்டேன்.

தன்மேல்தான் ஏதோ குற்றம் என்று நம்பிக்கொண்டே அவள் செத்துப்போனாள். அது எனக்கு அப்போது புரியவில்லை.

நீங்கள் இன்னும் உயிரோடு இருக்கிறீர்கள். இன்னும் தர்மகர்த்தாவாகவே இருக்கிறீர்கள். இந்த வருஷம் காப்பு கட்டுகிற நாளில், ஊரே கூடியிருக்கும்போது, மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள்: என் அத்தை என்ன தப்பு செய்தாள்?