போர்ட் பிளேயரில் இரண்டே இரண்டு சோபா

வராத விமானத்துக்காகக் காத்திருப்பவர்களுக்குச் சிரித்த முகத்தோடு டீ கொடுப்பதும் ஒரு தொழில்தான். நான் அதைச் செய்து சம்பளம் வாங்கியவள். ரேஷன் கடையிலோ, பாங்க் கவுண்டரிலோ, ஆஸ்பத்திரிச் சீட்டு ஜன்னலிலோ உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டே பல்லைக் காட்டிய அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியென்றால் நீங்களும் நானும் ஒரே சாதி. வாருங்கள், சேர்ந்து புலம்புவோம்.

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் விமான நிலையம் ஒரு தகரக் கொட்டகை. விமானக் கம்பெனியின் கல்கத்தா ஆபீஸில் யாருக்கோ திடீரென்று ஞானோதயம் வந்து, கொட்டகையின் ஒரு மூலையைப் பிளைவுட்டால் தடுத்து, எங்கள் தீவுக்கே உரிய படாக் மரத்தில் இரண்டு சோபா, ஒரு மேஜை விசிறி, ஒரு பிளாஸ்க் எல்லாம் வைத்து, 'சிறப்பு விருந்தினர் அறை' என்று போர்டு மாட்டிவிட்டார்கள். தமிழ், இந்தி, உடைந்த இங்கிலீஷ் மூன்றும் பேசுவேன் என்பதால் அறைக்குப் பொறுப்பாக என்னைப் போட்டார்கள். தற்காலிகமாகத்தான்.

அப்பா ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். "ஏ மேரி, வேலை பெர்மனன்ட் ஆச்சுன்னா இங்கன இரு. இல்லன்னா மெட்ராஸ் கப்பல்ல ஏத்தி விட்டுருவேன். தூத்துக்குடியில மாப்பிள்ள பாத்தாச்சு" என்று சொல்லித்தான் அனுப்பினார். மாப்பிள்ளையின் போட்டோவையும் காட்டினார்கள். போட்டோவிலேயே அந்த மனிதர் என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு சோபாவும் நிலைத்தால்தான் நான் தீவில் நிலைப்பேன் என்பது அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

இடம் பிடித்தல்

தீவுக்காரர்களுக்குப் பயணம் என்றால் கப்பல்தான். அடுக்குப் படுக்கை போட்ட பங்க் கிளாஸில் காலை வைத்ததும் முதல் வேலை, துண்டை வீசி இடம் பிடிப்பது. அறை திறந்த புதிதில் ஒருநாள் சோபாவைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், ஜன்னல் வழியாக ஒரு ஈரத் துண்டு பறந்து வந்து என் தோளில் விழுந்தது. பின்னாலேயே ஜமுக்காளம், மண்ணெண்ணெய் ஸ்டவ், புளிச்சோற்றுத் தூக்குவாளி. கடைசியாக, அபர்டீன் பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்த செல்லையா அண்ணாச்சி. அவரும் ஜன்னல் வழியாகத்தான் வந்தார். கதவு விரியத் திறந்தே கிடந்தது.

"அண்ணாச்சி, சாயந்தரமே கல்கத்தா போயிரலாம். ஸ்டவ் எதுக்கு?" என்றேன். என் அறியாமையைப் பார்த்து அவருக்கு இரக்கமே வந்துவிட்டது.

"நடுவழியில பசிச்சா நீயா வந்து சோறு பொங்கிப் போடுவே?"

காலடியில் ஒரு விருந்தாளி

ஹட் பேயில் ரோடு போடும் காண்ட்ராக்டர் ஒருவர், கல்கத்தாவில் யாரையோ குளிர்விக்க ஒரு கூடை உயிர் நண்டோடு வந்தார். எதிர் சோபாவில் பொதுப்பணித் துறையின் பெரிய இன்ஜினியர், ஷூவைக் கழற்றிவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். கூடையின் கட்டு எப்போது அவிழ்ந்ததென்று தெரியாது. சோபாவுக்கு அடியில் சரசரவென்று சத்தம். அறைக்குள் இருந்தவர்கள் எல்லாரும் ஏககாலத்தில் சோபா மேலும் மேஜை மேலும் ஏறி நின்றோம். தூங்குகிற மனிதரின் கால் மட்டும்தான் தரையில். இருப்பதிலேயே பெரிய நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு அவர் கட்டைவிரலை விசாரிக்கப் போனது.

நான் போட்ட அலறலில் இன்ஜினியர் விழித்தார். காண்ட்ராக்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், அசையாதீங்க! விரல் போனா ஆஸ்பத்திரி இருக்கு, நண்டு போனா என் காண்ட்ராக்ட் போயிரும்!"

வந்தும் வராதது

மழை நாள். மேகத்துக்குள் விமானச் சத்தம் கேட்டதும் கொட்டகையே கை தட்டியது. வழியனுப்ப வந்த கூட்டம் அழத் தொடங்கியது, மாலைகள் கழுத்தில் ஏறின. விமானம் தலைக்கு மேல் ஒரு சுற்று சுற்றியது, இன்னொரு சுற்று. பிறகு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. மாலை போட்டவர்கள் மாலையோடு நின்றார்கள். அழுதவர்களுக்கு அழுகையை என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கள் லோடர் அப்பாராவ் தெலுங்குக்காரர், எல்லா மொழியையும் ஒரே சட்டியில் தாளிப்பவர். தூக்கிய பெட்டியைப் பொத்தென்று கீழே போட்டார்.

"கப்பல் லேட் ஆகும், லேகின் வரும் மேடம். இது வந்தும் வரலையே!"

பெரியவர்

கல்கத்தாவிலிருந்து கம்பெனியின் பெரிய அதிகாரி வைத்தியநாதன் சார் வந்தார். கும்பகோணத்தில் பிறந்து கல்கத்தாவில் பருத்தவர். சிறப்பு அறையை வைத்திருப்பதா, மூடுவதா, என்னை வைத்திருப்பதா, அனுப்புவதா என்று முடிவுசெய்ய வந்தவர். ஊருக்குத் திரும்பும் நாளில் சோபா நிறைய உட்கார்ந்து, டீயை ஒரு வாய் குடித்து, "நன்னா இருக்கே! உன்னை நிரந்தரம் பண்ணிடலாம்னு இருக்கேன்" என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. தூத்துக்குடிப் போட்டோவுக்கு மனசுக்குள் டாட்டா காட்டினேன்.

அதே நேரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டது. விமானம் எப்படியோ இறங்கிவிட்டது, ஆனால் ஓடுபாதை நனைந்துவிட்டதால் எடை குறைத்தால்தான் கிளம்புவேன் என்றார் பைலட். ஒரு ஆள் இறங்க வேண்டும். கம்பெனி வழக்கப்படி முதலில் இறங்க வேண்டியவர் இலவச பாஸில் போகிறவர். அன்றைக்கு அப்படிப் போனது ஒரே ஒருவர், சோபா நிறைய உட்கார்ந்திருந்த நம் பெரியவர். அவரை விட்டால், கடைசியாக டிக்கெட் வாங்கிய அந்தோணிதான் இறங்க வேண்டும். ஹட் பே பையன். கப்பலைத் தவறவிட்டதால் விமானத்துக்கு வந்தவன். கல்கத்தா போய் ரயில் பிடித்தால்தான் உண்டு, ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடி மாதா கோயிலில் அவனுக்குக் கல்யாணம்.

எங்கள் நிலைய மேனேஜர் தாஸ் பாபு என்னிடம் ஓடி வந்தார். "மேரி, நீயே சொல்லு. நீ சிரிச்சுக்கிட்டே சொல்லுவே" என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை அந்தோணி பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம், டையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக நின்றான். அவனை இறக்கிவிட்டால் என் வேலை பத்திரம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த டையைப் பார்த்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை.

"சார், ஓடுபாதை ஈரம். வெயிட் குறைக்கணுமாம். பாஸ்ல போறவங்கதான் முதல்ல இறங்கணும்."

"யார் போட்ட ரூல் அது?"

"நீங்கதான் சார்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். டீயைப் பாதியில் வைத்தார். எழுந்தார், சோபா நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அந்தோணி ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு மழையில் விமானத்தைப் பார்த்து ஓடினான். பெரியவர் ஜீப்பில் ஏறினார்.

வீட்டுக்கு வந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "தூத்துக்குடிக்கு எழுதிருங்கப்பா" என்று நடந்ததைச் சொன்னேன். அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அவ்வளவு பெரிய லோடையே எறக்கிட்டியா? கிரேன்காரன் மகள்னு காமிச்சிட்டியேட்டி!"

அடுத்த விமானம்

அது பல நாள் கழித்துத்தான் வந்தது. அதுவரை பெரியவர் தினமும் மூட்டையைக் கட்டி வருவார், மழையைப் பார்ப்பார், திரும்பிப் போவார். நான் நீட்டும் டீயைத் தொடவே மாட்டார். ஒருநாள் வெயில் அடித்தது. விமானம் வந்து நின்றது. தாஸ் பாபு முன்னெச்சரிக்கையாகக் கழிப்பறைப் பக்கமே நின்றார். பெரியவர் டீயை வாங்கினார், அடி மண்டி வரை உறிஞ்சினார், கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார்.

"உன்னை நிரந்தரம் பண்ணி எழுதியாச்சு. ஒண்ணே ஒண்ணு, அடுத்த தடவை என்னை இறக்கறச்சே இப்படி முழுசாக் குடிக்க விட்டுட்டு இறக்கும்மா!"

ஆக, நண்பர்களே, வந்தவர்களை உட்கார வைக்க ஒரு சோபா போதும், உட்கார்ந்தவரை எழுப்புவதற்குத்தான் நமக்கெல்லாம் சம்பளம்.