கை நனைக்காத பெண்

ஒன்பது வயதில் ஒரு காலை என் மகளுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. காத்து கருப்பு அடித்துவிட்டது என்றார்கள் ஊரில். மூளையில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது என்றார்கள் வேலூர் ஆஸ்பத்திரியில். பிறவிக் கோளாறாம். சாப்பாட்டில் இருக்கும் புரதத்தில் ஒரு பகுதியை அவள் உடம்பால் செரித்துக் கழிக்க முடியாது. அது தேங்கித் தேங்கி ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். அப்பா, அம்மா இருவர் வழியாகவும் வந்தால்தான் வருமாம். என்ன உறவில் கல்யாணம் என்று டாக்டர் கேட்டார். அத்தை மகன் என்றேன். அவர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கறி, முட்டை, பருப்பு, பால் கூடாது. சாமைச் சோறுகூட அளந்துதான். மாத்திரையும் மருந்துப் பொடியும் தவறினால் மறுபடி அடைக்கலாம், அப்போது பிழைப்பது கஷ்டம் என்றார்.

கையும் காலும் மெல்லச் சரியாயின. பிறகுதான் வம்பு வந்தது. ஒருவர் வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்போம். கை நனைக்காவிட்டால் உறவு முறிந்ததாக அர்த்தம். கோயில் விருந்தன்று ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி, தன் வீட்டில் என் மகளிடம் கறிச்சோற்றை நீட்டினாள். நான் குறுக்கே புகுந்து தட்டை வாங்கி வைத்தேன்.

"இன்னா, எங்க வூட்டுல உன் பொண்ணு கை நனைக்காதா?"

"அதுக்கு ரத்தம் உறையுதுக்கா. கறி ஆவாது."

"கறி துன்னாத்தான் ரத்தமே ஊறும். யார்கிட்ட கதை சொல்ற?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "திரும்பி வுழுந்தா நீயா வந்து தூக்குவ?" என்று கேட்டுவிட்டேன். அதோடு சரி. ஒவ்வொரு வீடாக எங்களை விருந்துக்குக் கூப்பிடுவதை நிறுத்தியது. வீட்டுக்காரருக்குக் கோவையில் கட்டட வேலை. பேச ஆளில்லாமல் மாட்டிடம் பேசினேன். அதுவும் எழுந்து போனால் அழுகை வந்தது.

ஒருநாள் மதியம், மறந்துபோன மாத்திரையைக் கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சத்துணவு முட்டையில் பாதியைப் பிட்டு ஓரகத்தியின் மகள் என் மகளிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"வேணாம். நம்ம ரெண்டு வூட்டுக்கும் சண்டை," என்றாள் என் மகள்.

அவளைத் தனியே கூப்பிட்டேன். "இன்னாத்துக்கு அப்படிச் சொன்ன? உடம்புக்கு ஆவாதுன்னு சொல்றதுக்கு இன்னா?"

மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். "சண்டைன்னா என்னிக்காவது ராசியாயிடலாம்மா. சீக்குன்னா தீராதுல்ல."