தொட்டுக் கொடுத்த சாவி

எங்கள் வீட்டில் கார் வாங்குவது என்று முடிவானதும் முதலில் பார்த்தது காரை அல்ல, ஜாதகத்தை. கிழக்கேகோட்டையில் என் மாமனார் வழக்கமாகப் போகும் ஜோசியர், என் கணவரின் கட்டத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இவருக்கு வாகன யோகம் அறவே கிடையாது, இவர் பெயரில் சைக்கிள்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாமனாருக்கு ஏழரைச் சனி. மகளுக்கு வயது போதாது. வேறு வழியில்லாமல், கல்யாணத்துக்குப் பிறகு யாரும் பிரித்துப் பார்க்காமல் பீரோவில் கிடந்த என் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். நாலாம் இடத்தில் சுக்கிரன் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாராம். இவர் பெயரில் யானையே வாங்கலாம் என்றாராம் ஜோசியர்.

அன்று சாயங்காலம் வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி முடியாது. மாமனார் தன் கையால் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு, "மக்ளே, வண்டி உன் பேர்லதான்" என்றார். பட்டாபிஷேகம்போல இருந்தது. ஆனால் என் சந்தோஷத்துக்கும் சுக்கிரனுக்கும் சம்பந்தமில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியும். என் கைப்பையின் உள் ஜிப்பில் லைசென்ஸ் இருந்தது.

நான் வேலை பார்ப்பது ஆற்றிங்கலில், ஒரு கல்லூரி அலுவலகத்தில். தினமும் காலையில் தம்பானூரில் பஸ் ஏறி, பெரும்பாலும் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புவேன். அடுத்தவர் குடை இடுப்பில் குத்த, அடுத்தவர் டிபன் பையில் சாம்பார் என் சேலைக்கு வடிய, வருஷக்கணக்கில் இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். மைதானத்தில் கம்பிகள் நட்டு அதற்கு நடுவே எச் என்ற எழுத்தைக் காரால் எழுதச் சொல்வார்கள். முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய், ஒரு கம்பியும் தட்டாமல். நான் முதல் தடவையே எழுதிவிட்டேன். என் கணவர் அந்தக் காலத்தில் மூன்று தடவை எழுதியவர். அந்த வருத்தத்தைக் காட்டிக்கொள்ளாமல், பெரிய மனது பண்ணி, "நம்ம கார் வாங்கினா நீயே ஓட்டிட்டு ஆபீஸ் போ" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை காலம் பஸ்ஸில் தொங்கினேன்.

ஷோரூமில் கையெழுத்தெல்லாம் என்னுடையது. போட்டுப் போட்டு விரல் வலித்தது. வண்டியைப் பட்டுத்துணியால் மூடி வைத்திருந்தார்கள். துணியை இழுத்தார் மாமனார். கேக் வெட்டினாள் மகள். ஆள் உயரத்துக்கு அட்டையில் ஒரு சாவி செய்து வைத்திருக்கிறார்கள், அதை வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார் என் கணவர். என் கையில் பூங்கொத்து. அந்தப் போட்டோவைப் பார்க்கிற யாரும் நான் ஷோரூம் ஊழியர் என்றுதான் நினைப்பார்கள்.

அங்கிருந்து நேரே பழவங்காடிப் பிள்ளையார் கோயில். எங்களுக்கு முன்னால் பூஜைக்கு வேறு புது வண்டிகள் வரிசையில் நின்றன. தேங்காய் உடைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூஜை செய்தவர், யார் பெயரில் வண்டியோ அவர் எடுக்கட்டும் என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு முன்கதவுப் பக்கம் போனேன். என் கணவர் என் முழங்கையைப் பிடித்துத் தள்ளிக் கொண்டுபோய், கூட்டமான இடம், நசுங்கப் போவது எலுமிச்சம்பழமா ஆளா என்று தெரியாது என்று காதோடு சொன்னார். பிறகு சாவியை என் முன்னால் நீட்டினார்.

"நீ தொட்டுக் குடு, போதும்."

தொட்டுக் கொடுத்தேன். என் யோகம் விரல் நுனி வழியாகச் சாவிக்குள் இறங்கியது. அவர் வாங்கிக்கொண்டு போய் ஏறி உட்கார்ந்து எலுமிச்சம்பழங்களை நசுக்கினார். அன்றிலிருந்து அதுவே எங்கள் வீட்டுச் சம்பிரதாயம் ஆகிவிட்டது. வண்டி வெளியே கிளம்பும்போதெல்லாம் அடுப்படிக்குச் சாவி வரும். நான் மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு தொட்டுக் கொடுப்பேன். வண்டி போகும். நான் மறுபடி சப்பாத்தி தேய்ப்பேன்.

ஷோரூமில் உயர்ந்த ரகத்தை வாங்காமல் நடு ரகத்தை வாங்கியதற்கு என் கணவர் சொன்ன காரணம், மேற்கொண்டு வேண்டியதை வெளியே மலிவாகப் பொருத்திக்கொள்ளலாம் என்பது. வெளியே என்றால் கரமனைப் பக்கம் ஒரு கடை. கடைக்காரர் நல்ல மனிதர். எந்தப் பொருளையும் வாங்கச் சொல்ல மாட்டார். அதைக் கையில் எடுத்து, மெதுவாகத் தடவி, "இது இல்லாண்டு எங்ஙனெயா சாரே" என்று மலையாளத்தில் ஒரு பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். அது இல்லாமல் எப்படி என்று என் கணவருக்கும் உடனே தோன்றிவிடும்.

முதலில் வண்டிக்கு மேல் ஏதோ கண்ணாடிப் பூச்சு. மறுநாள் ஆபீசுக்கு நான் எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன்.

"இப்பம் தொடாத, கேட்டியா. கோட்டிங் செட் ஆவட்டு" என்றார்.

கோட்டிங் செட் ஆவதற்குள் சீட் கவர் வந்தது. கம்பெனியில் சீட்டின்மேல் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றக் கூடாது, புதுசு புதுசாகவே இருக்கட்டும் என்பது மாமனாரின் கட்டளை. ஆகவே பிளாஸ்டிக்கின் மேலேயே கவரை இழுத்துத் தைத்தார்கள். உட்கார்ந்தால் யாரோ அப்பளம் நொறுக்குகிற சத்தம். கவருக்குப் பிறகு கண்ணாடிகளுக்குக் கறுப்பு ஃபிலிம். பிறகு முன்பக்கம் முட்டினால் தாங்க, மாட்டுக் கொம்புபோல ஒரு இரும்புக் கம்பி. கம்பி வந்துவிட்டால் அதில் லைட் வைக்காமல் எங்ஙனெயா சாரே? இரண்டு லைட் வந்தது. பிறகு பழைய ஹார்ன் கழுதை கத்துகிறமாதிரி இருக்கிறது என்று புது ஹார்ன். அது கழுதையைக் கொல்கிறமாதிரி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நான் கேட்பேன். ஒவ்வொன்றுக்கும் பின்னால், இது ஒன்று முடியட்டும் என்ற பதில் வரும். கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடும் மாப்பிள்ளை வீட்டார்கூட இத்தனை சாக்கு சொல்ல மாட்டார்கள்.

மாமனார் தம் பங்குக்கு டாஷ்போர்டில் ஒரு பிள்ளையாரை ஒட்டினார். பிள்ளையார் தனியாக இருக்கிறாரே என்று முருகன் வந்தார். அடுத்த சனிக்கிழமை ஆஞ்சநேயர் வந்தார். வெயில் பட்டால் தலையாட்டுகிற ஒரு பொம்மைச் சாமியும் உண்டு. அது எல்லாவற்றுக்கும் சரி சரி என்று ஆட்டும். மகள் மட்டும் எதற்கும் ஆட்டவில்லை. அவள் பள்ளிக்கூட கேட்டுக்கு வெகு முன்னாலேயே இறங்கிக்கொள்ள ஆரம்பித்தாள். சிநேகிதி போனில் கேட்டபோது, அது எங்கள் வண்டியே இல்லை என்று மலையாளத்தில் அவள் சாதித்ததை நான் கேட்டேன். பின்னால் டிக்கியை முழுசாக ஒரு ஸ்பீக்கர் பெட்டி அடைத்துக்கொண்டதால், பைகளெல்லாம் பின்சீட்டுக்கு வந்தன. முன்சீட் மாமனாருக்கு. ஜன்னலோரம் மகளுக்கு. பைகளுக்கும் மகளுக்கும் நடுவில் காலை ஒடுக்கிக்கொண்டு உட்காருவது வாகன உரிமையாளர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போன நேரத்தில் சாவியை எடுத்தேன். தொட்டேன், யாருக்கும் கொடுக்கவில்லை. வண்டியைக் கிளப்பிச் சந்துக்குள் மெதுவாகப் பின்னால் எடுத்தேன். இரண்டு பக்கமும் மதிலுக்குப் போதுமான இடம் விட்டுச் சரியாகத்தான் வந்தது. ஆனால் புதிதாகப் பொருத்திய ரிவர்ஸ் சென்சார் ஊரையே கூட்டிவிட்டது. மாமனார் வெளியே ஓடிவந்து, மதம் பிடித்த யானையை மறிப்பதுபோல வண்டிக்குப் பின்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். என் கணவர் தலையில் சோப்பு நுரையோடு வந்தார்.

"உன் பேர்ல இருக்குல்லா? நீ ஓட்டி எங்கயாவது தட்டிச்சுன்னா அந்த யோகமே போயிரும். அதுக்காகத்தான் சொல்லுகேன்."

என் யோகத்தை என்னிடமிருந்தே காப்பாற்றுகிறார்களாம். வண்டியை அணைத்துவிட்டு இறங்கினேன். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது. மறுநாள் காலை தம்பானூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிரே ஒரு ஹார்ன் கேட்டது. வேறு எந்த ஹார்னாகவும் இருக்க முடியாது. என் வண்டி. ஏதோ பொருத்துவதற்காகக் காலையிலேயே கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சந்தோஷமாகக் கை காட்டிவிட்டுப் போனார்.

இனிப் பொருத்த இடமில்லை என்று கடைக்காரரே கைவிட்ட பிறகு, முதல் பெரிய பயணமாகப் பொன்முடிக்குப் போவது என்று தீர்மானித்தார்கள். ராகுகாலம் பார்த்துக் கிளம்பினோம். நான் சாவியைத் தொட்டுக் கொடுத்துவிட்டு என் இடத்தில் ஒடுங்கினேன். மடியில் புளியோதரைத் தூக்கு. நெடுமங்காடு தாண்டி, விதுரை தாண்டி, மலை ஏறப் போகிற இடத்தில் ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரர்கள் வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ வண்டிகளைப் போக விட்டார்கள். எங்கள் கொம்பைத் தூரத்தில் பார்த்ததுமே அதிகாரி ரோட்டுக்கு நடுவில் வந்து நின்றுவிட்டார்.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கம்பியைத் தட்டினார், லைட்டைத் தட்டினார், கறுப்புக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார். இதெல்லாம் சட்டப்படி கூடாது, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வண்டியை ஆபீசில் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார். பிறகு கேட்டார்:

"ஓனர் ஆரா?"

என் கணவர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் பிள்ளையாரைப் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து பின்னால் திரும்பினார்கள். பைகளுக்கு நடுவிலிருந்து நான் கையைத் தூக்கினேன். அதிகாரி குனிந்து, கண்ணைச் சுருக்கி, இருட்டுக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்ததா என்று அந்த ஃபிலிமில் சரியாகத் தெரியவில்லை.

அடுத்து ஓட்டுகிறவரின் லைசென்ஸ் கேட்டார். என் கணவர் அதற்கென்றே வாங்கிய தோல்பையிலிருந்து, வண்டியின் சீட் நிறத்துக்குப் பொருத்தமான பை அது, லைசென்ஸை எடுத்து நீட்டினார். அதிகாரி பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அது காலாவதியாகி மாசங்கள் ஆகியிருந்தன. வண்டிக்குள் வாசனைப் புட்டியைக்கூட மறக்காமல் மாற்றிக்கொண்டிருந்த மனிதர், ஓட்டுவதற்கு வேண்டிய ஒரே பொருளைப் புதுப்பிக்க மறந்துபோனார். இதைச் சொல்லக் கடைக்காரருக்கும் தோன்றவில்லை. அது அவர் கடையில் கிடைக்காது.

நீங்கள் இந்த வண்டியை இனி ஓர் அடி நகர்த்தக் கூடாது என்றார் அதிகாரி. என் கணவர் யாராவது டிரைவரை வரவழைப்பதாகச் சொன்னார். மாமனார், நல்ல நேரம் முடிந்திருக்கும், சற்றுப் பொறுப்போம் என்றார். அதிகாரி இரண்டையும் காதில் வாங்கவில்லை. மறுபடி குனிந்தார்.

"சேச்சிக்கு லைசென்ஸ் உண்டோ?"

புளியோதரைத் தூக்கை மகள் மடியில் வைத்தேன். கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். ஒருவரும் கேட்காததால் அது மடங்காமல், அழுக்காகாமல், கொடுத்த அன்று இருந்ததுபோலவே இருந்தது. அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"எங்கில் சேச்சி ஓடிச்சோ" என்றார்.

அப்படியானால் நீங்கள் ஓட்டுங்கள் என்று அர்த்தம். வண்டி வந்த பிறகு என் வீட்டில் ஒருவர் வாயிலிருந்தும் வராத அந்தச் சொல்லை, யாரோ ஒருவர் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த வண்டியைக் கவனிக்கப் போய்விட்டார். என் கணவர் கீழே இறங்கினார். நானும் இறங்கினேன். சாவி அவர் கையில் இருந்தது. மேலே வளைவு வளைவாக ரோடு, எதிரே எஸ்டேட் லாரி வரும், பேசாமல் இங்கிருந்தே திரும்பி, அதுவும் மெதுவாக, வீட்டுக்குப் போய்விடலாமே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். சாவியை மட்டும் விடவில்லை. நான் கையை நீட்டினேன்.

"நீங்க தொட்டுக் குடுங்க, போதும்."

மகள் வண்டிக்குள்ளிருந்து கெக்கலி கொட்டிச் சிரித்தாள். அவர் கொடுத்தார். டிரைவர் சீட்டை எனக்கு ஏற்றபடி இழுத்துப் போட்டுக்கொண்டேன், கண்ணாடியைச் சரிசெய்தேன். மாமனார் ஒரு கையால் கதவையும் ஒரு கையால் பிள்ளையாரையும் பிடித்துக்கொண்டார். தலையாட்டிச் சாமி சரி என்றது. வண்டியைக் கீழே வீட்டை நோக்கித் திருப்புவேன் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நான் மேலே போகிற ரோட்டில் எடுத்தேன்.

பின்னால் பிளாஸ்டிக் நொறுங்குகிற சத்தம் கேட்டது. பைகளுக்கும் மகளுக்கும் நடுவில் காலை எங்கே வைப்பது என்று ஒருவர் தேடிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் வளைவு வந்துவிட்டது.