மிளகாய் வறுபடும்போது யார் இருமுவது?

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்குச் சமைக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை, பிள்ளை விமானம் ஏறினதோடு முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் அந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் இல்லை.

அடுத்தவர் வீட்டு அடுப்படியில் நிற்கும் அக்கா தங்கைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பேசிக்கொண்ட வேலை ஒன்று இருக்கும், கூடவே வந்து ஒட்டிக்கொள்வது வேறாக இருக்கும். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எதிரில் யாராவது வந்து பேசினால் என் கண் தரையைத்தான் பார்க்கும். ஊரூர் குப்பத்திலிருந்து அடையாறில் ஒரு டீச்சரம்மா வீட்டுக்குச் சமைக்கப் போகிறேன். என் மகள் தன்யாவையும் கூட்டிக்கொண்டு போவேன். அவள் அடுப்படி மேசைக்கு அடியில் டப்பா மூடிகளோடு உட்கார்ந்திருப்பாள்.

இருமல் வந்தால் இறக்கு

டீச்சரம்மாவின் ஒரே பெண் நிவேதா. ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. அதுவரை "படிக்கிற பொண்ணு" என்று அவளை அடுப்படிப் பக்கமே விட்டதில்லை. கிளம்பும் நேரம் நெருங்கியதும் என்னிடம் தள்ளிவிட்டார். நல்ல பெண், ஆனால் வாயைத் திறந்தால் சாரி. கரண்டி விழுந்தால் சாரி. நான் அவள் காலை மிதித்தாலும் அவள்தான் சாரி சொல்வாள். தன்யாவின் மூடியைத் தாண்டினால் தன்யாவிடமும் சாரி. யாரும் குறை சொல்வதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், அது டீச்சரம்மா வளர்த்த வளர்ப்பு.

எதைச் சொன்னாலும் போனை நீட்டிப் பதிவு செய்துகொண்டு, "எத்தனை நிமிஷம்க்கா?" என்பாள். நிமிஷத்துக்கு நான் எங்கே போவேன்? பருப்புப் பொடிக்கு மிளகாய் வறுக்கும்போதும் அதே கேள்வி. எனக்குத் தெரிந்த அடையாளத்தைச் சொன்னேன். "ஹால்ல இருக்கறவங்களுக்கு இருமல் வந்தா மிளகாய் வறுபட்டாச்சு பாப்பா. உடனே இறக்கிடணும்." சொல்லி வாய் மூடவில்லை, ஹாலில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சரம்மா இருமினார். நிவேதா சட்டென்று இறக்கினாள். மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கப்புறம் ஒருநாள் டீச்சரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கிருந்தே கத்தினார்: "ஏண்டி, நான் என்ன உங்க அடுப்புக்கு மணியா?"

இரண்டு பக்கமும் தலையாட்டியது

கிளம்பும் நாள். தி.நகரில் வாங்கிய சின்னக் குக்கர் பெட்டிக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. கடைசியில் எடை தாங்காது என்று வெளியிலேயே நின்றுவிட்டது. டீச்சரம்மா என்னை பால்கனிக்குக் கூப்பிட்டார். "என்கிட்ட நல்லா இருக்கேம்மான்னுதான் சொல்லுவா. சமையல் கேட்டு உன்கிட்டதான் பேசுவா. என்ன சாப்பிட்டா, எப்படி இருக்கான்னு எனக்கு நீதான் சொல்லணும்." தலையாட்டினேன். உள்ளே வந்தால் அடுப்படியில் நிவேதா. "அமுதாக்கா, நான் உங்ககிட்ட பேசறது எதுவும் அம்மா காதுக்குப் போகக் கூடாது. அவங்களுக்கு பிரஷர்." அதற்கும் தலையாட்டினேன். முடியாது என்று சொல்ல வாய் வராதவளுக்கு வேறு என்ன பதில் இருக்கிறது, சொல்லுங்கள்.

படியில் சாந்தா அக்காவிடம் இதைச் சொன்னேன். அதே கட்டடத்தில் பாத்திரம் தேய்ப்பவர், எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார்: "இன்னாடி நீ, அந்தாண்டையும் தலய ஆட்டிக்கினு, இந்தாண்டையும் தலய ஆட்டிக்கினு... கழுத்து சுளுக்கிக்கினா எங்கிட்ட வராத, ஆமா."

தீ இல்லாத அடுப்பு

முதல் போன் ஒரு மதியம் வந்தது. அங்கே அப்போதுதான் விடிந்திருக்கிறதாம். நிவேதா போனைத் திருப்பி அடுப்பைக் காட்டினாள். கறுப்புக் கண்ணாடிப் பலகை, அதற்கு வலது பக்கம் குழாய், மேலே பச்சை அலமாரி. சட்டியில் சோறு கொதிக்கிறது. "தீயைக் குறை பாப்பா" என்றேன். "தீயே இல்லக்கா" என்றாள். தீயைப் பார்க்காமல் நான் என்னத்தைச் சொல்வேன்? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிளறச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அடிப்பிடித்துவிட்டது.

விடுதியில் அந்த மாடியில் இருக்கிறவர்களுக்கெல்லாம் அது பொதுச் சமையலறை. ஒரு பெண் வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். நிவேதா கண்ணில் தண்ணீரோடு "சாரி, சாரி" என்று ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெண் பெயர் பரிசா, ஈரானிலிருந்து படிக்க வந்தவள். அவர்கள் ஊரில் அடிப்பிடித்த சோற்றுக்குத்தான் போட்டியாம். காந்தலைச் சுரண்டித் தின்றுகொண்டே அவள் சொன்னதை நிவேதா எனக்குத் தமிழில் சொன்னாள்: "மேல இருக்கறதை நீ எடுத்துக்கோ, கீழ இருக்கறதை எனக்குக் குடு. இதுக்கு எதுக்கு அழறே?"

கம்பளியோடு நின்றவர்கள்

குளிர் ஆரம்பித்த சமயம். கொண்டுபோன பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு நிவேதா மிளகாய் வறுக்க ஆரம்பித்தாள். குளிருக்காக ஜன்னலைச் சாத்தியிருந்தாள். அம்மா மாதிரியே மூக்கை ஒரு துணியால் கட்டிக்கொண்டு இருமலுக்குக் காத்திருந்தாள். யார் இருமுவது? மாடியில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள். மிளகாய் கறுப்பது எனக்குத் தெரிகிறது. "கீழ எறக்கு, மிளகாயைக் கீழ எறக்கு" என்று கத்துகிறேன். அதற்குள் கூரையிலிருந்து காதைப் பிளக்கிற மாதிரி ஒரு அலறல், புகைக்கென்று வைத்த மணியாம்.

அப்புறம் போனில் படிக்கட்டு தெரிந்தது, ஓடுகிற கால்கள் தெரிந்தன. விடுதி வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வெறும் செருப்போடு நடுங்கும் பிள்ளைகள். தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. இன்னொரு தரம் இப்படி ஆனால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று விடுதி மேலாளர் சொல்லிவிட்டாராம். "அம்மாவுக்குத் தெரியக் கூடாதுக்கா" என்று கிசுகிசுத்தாள். போனை முந்தானையில் மறைத்துத் திரும்பினால் அடுப்படி வாசலில் டீச்சரம்மா. "யாரு போன்ல?" என்றார். "எங்க வீட்டுக்காரரும்மா" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்: "உங்க வீட்டுக்காரரை எதுக்குடி மிளகாயைக் கீழ எறக்குன்னு அந்தக் கத்து கத்தறே?"

பச்சை அலமாரியைக் காணோம்

அதற்குப் பிறகு பேச்சு சுருங்கிவிட்டது. என்ன சாப்பிட்டாய் என்றால் "பிரெட்" என்பாள். டீச்சரம்மா கேட்டால் நான் "சாம்பார் வெச்சாளாம்மா" என்பேன். ஒருநாள் அவள் பேசும்போது பார்த்தேன், பின்னால் குழாய் அடுப்புக்கு இடது பக்கம் இருந்தது. பச்சை அலமாரியைக் காணோம். நாள் பூராவும் அடுப்படியையே பார்க்கிறவளுக்கு அது படாமல் போகுமா? "இது யார் வீட்டு அடுப்படி பாப்பா?" என்று கேட்டேன். விம்மல்தான் வந்தது.

விடுதி மாடியில் வேறு யாரோ ரொட்டியைக் கருக்கி, மறுபடியும் அலறல் கேட்டிருக்கிறது. மேலாளர் விசாரிக்க ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கிறார். இவள் கதவைத் திறந்ததும், அவர் வாயைத் திறக்கும் முன்பே, "சாரி" என்று சொல்லிவிட்டாள். செய்தவள்தானே சாரி சொல்வாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். இல்லை என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. அறை போய்விட்டது. பரிசா அப்போது விடுதியை விட்டுத் தன் அக்கா வீட்டுக்கு மாறியிருந்தாள். அங்கேதான் நிவேதா ஒரு சோபாவில் படுத்துக் கிடக்கிறாள். வகுப்புக்கும் போவதில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "படிப்பு வேணாம்க்கா, திரும்பி வந்துடறேன், டிக்கெட் பார்த்துட்டு இருக்கேன். அம்மாகிட்ட சொன்னீங்கன்னா அப்புறம் உங்ககிட்டயும் பேச மாட்டேன்."

சாந்தா அக்கா கேட்டது

நான் அம்மாவிடம் சொல்லாமலேயே பேச்சு நின்றுபோனது. நான் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டாள். டீச்சரம்மாவோ தினமும் காலையில் காபி டம்ளரோடு வந்து நிற்பார். "நல்லா இருக்காம்மா" என்பேன். பெண் அங்கே என்ன ஆனாளோ, சாப்பிட்டாளோ, நம்மை நம்பித்தானே இந்த அம்மா நிம்மதியாகக் காபி குடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டே அவர் டம்ளரை வாங்கிக் கழுவுவேன். தன்யாவுக்குச் சோறு ஊட்டும்போதுகூட எனக்கு அந்தச் சோபாதான் ஞாபகம் வரும்.

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது சாந்தா அக்காவிடம் கொட்டிவிட்டேன். வழக்கமாகச் சிரிப்பவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "வாயத் தொறந்தா உன் வேல பூடும், தொறக்கலேன்னா அந்தப் பொண்ணு படிப்பு பூடும். உனக்கு எது ஓணும், அத சொல்லு மொதல்ல."

பொட்டலம்

அந்த வாரமே டீச்சரம்மா முகமெல்லாம் சிரிப்போடு வந்தார். மயிலாப்பூரில் இருக்கும், அவரோடு வேலை செய்யும் இன்னொரு டீச்சரின் மகன் அதே ஊருக்குக் கிளம்புகிறான். சாயங்காலம் வந்து பொட்டலத்தை வாங்கிப் போய், நிவேதாவின் அறைக் கதவிலேயே கொடுத்துவிடுவான். பருப்புப் பொடி செய்யச் சொன்னார். மிளகாயைப் போட்டேன். அந்தப் பையன் கதவைத் தட்டுவான், வேறு யாரோ திறப்பார்கள், அந்தச் செய்தி மயிலாப்பூர் போய், பள்ளிக்கூடத்துக்குப் போய், பத்து வாய் மாறி இவர் காதுக்கு வரும். ஹாலில் டீச்சரம்மா இருமினார்.

இறக்கினேன், அடுப்பை அணைத்தேன். அவர் உட்கார்ந்திருக்கும்போது நான் அடுப்படி வாசலைத் தாண்டியதே இல்லை. அன்றைக்குத் தாண்டினேன். "பொடி அங்க போக வேணாம்மா. பாப்பா அந்த ரூம்ல இல்ல" என்று ஆரம்பித்து, தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நிமிர்ந்தேன். திட்டுவார், வெளியே போ என்பார் என்று நின்றேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கத்தாமல் கேட்டார்: "தினமும் சாம்பார்னு சொன்னியே, அந்தச் சாம்பாரெல்லாம் எங்கேருந்துடி வந்துச்சு?"

அம்மா சொன்னது

என் போனை வாங்கி அவரே கூப்பிட்டார். மணி அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டார். அதுவும் நின்றது. மூன்றாம் தரம் கூப்பிட்டபோது யாரோ எடுத்தார்கள். பரிசா! டீச்சரம்மா இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அந்தப் பெண் "மம்மி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனைக் கொண்டு ஓடினாள். சோபாவில் சுருண்டு கிடந்த நிவேதா முகத்துக்கு நேரே பிடித்தாள். கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் முதல் வார்த்தை "சாரிம்மா."

"சாரியை நிறுத்து. அந்த ரொட்டியை நீ கருக்கினியா?" என்றார் டீச்சரம்மா. "இல்லம்மா." "அப்ப ஏன் சொன்னே?" "நீதானேம்மா, யார் கதவைத் தட்டினாலும் முதல்ல சாரி சொல்லணும்னு..." டீச்சரம்மா கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். வகுப்பில் பிள்ளைகளை அடக்குகிற அந்தக் குரல் எங்கே போனதோ. ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "வரணும்னா வா, உன் ரூம் அப்படியேதான் இருக்கு. ஆனா செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லிட்டு மட்டும் வராதே."

சன்னமான குரல்

மறுநாள் பரிசாவைக் கூட்டிக்கொண்டு நிவேதா மேலாளரிடம் போனாள். இங்கே நானும் டீச்சரம்மாவும் என் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உலையில் போட்ட அரிசி குழைந்ததுகூடத் தெரியவில்லை. பழைய அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். ஆனால் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறை இருக்கிறது, அதைத் தருகிறேன் என்றாராம். சமையலறை ஜன்னல் அதற்கு நேர் எதிரே, அங்கே யார் கருக்கினாலும் புகை இவள் அறைக்குத்தான் வரும். நாளையிலிருந்து வகுப்பு என்றாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை, சன்னமாகத்தான் சொன்னாள். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது: "நான் இல்லன்னு சொன்னேன்க்கா. சொல்லிட்டு, பழக்கதோஷம், உடனே சாரியும் சொல்லிட்டேன்."

புது மாணவன்

டீச்சரம்மா என்னை அனுப்பவில்லை. ஆனால் பல நாள் என்னோடு பேசவும் இல்லை. உப்புக் குறைந்தாலும் எழுந்து வந்து தானே போட்டுக்கொள்வார். திட்டியிருந்தாலும் தேவலை என்று இருந்தது. போன வாரம் கனடா போகிற பையனோடு ஒரு அம்மா வந்தார், வடபழனிக்காரர், சொல்லிக்கொடுக்க யாராவது இருக்கிறார்களா என்று. டீச்சரம்மா அடுப்படியைப் பார்த்துக் கைகாட்டினார். நான் வழக்கம் போலத் தரையைப் பார்த்தேன். அந்தப் பையனிடம் அவர் சொன்னது ஹாலிலிருந்து எனக்கு நன்றாகக் கேட்டது: "அவ நல்லா சொல்லிக் குடுப்பா. ஆனா அவகிட்ட ரகசியம் மட்டும் சொல்லாதே, கொஞ்ச நாளைக்குச் சாம்பார் ஊத்தி மறைப்பா, அப்புறம் போட்டு உடைச்சிடுவா."

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: பிள்ளை எந்த நாட்டில் மிளகாய் வறுத்தாலும், இருமல் என்னவோ இங்கே நமக்குத்தான் வருகிறது.